கோலுக்கு இரண்டு கொடி

முழு வாழ்வு ஆணையத்தின் ஆண்டறிக்கையில் பதினேழாம் பக்கத்தைப் புரட்டினால், டென்சில் ட்ரெசைஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வெள்ளைக் கொடியைத் தூக்கிப் பிடித்திருக்கும் வண்ணப்படத்தைப் பார்க்கலாம். கீழே "நினைத்தார், முடித்தார்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். வழவழப்பான தாள், நல்ல படம். அவர் உட்கார்ந்திருக்கும் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே மூன்று கல்படிகள் இருக்கின்றன. அவை மட்டும் படத்தில் விழவில்லை.

ஊரின் பெயர் கடினா. தமிழ்க் காதுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். தெற்கு ஆஸ்திரேலியாவில் அந்தப் பக்கம் பார்லியை விட்டால் கால்பந்துதான். கால்பந்து என்றால் உருண்டைப் பந்து கிடையாது, முட்டை வடிவப் பந்து. மைதானத்தின் இரண்டு முனையிலும் நாலு நாலு கம்பம். நடுக் கம்பங்களுக்கு இடையே பந்து போனால் கோல், ஆறு புள்ளி. கம்பத்தில் உரசினாலோ ஓரமாகப் போனாலோ ஒத்தை, ஒரே ஒரு புள்ளி. எது என்று தீர்ப்புச் சொல்லக் கம்பத்தடியில் ஒரு நடுவர் நிற்பார். கோலுக்கு இரண்டு கொடி வீசுவார், ஒத்தைக்கு ஒரு கொடி.

இருபத்தாறு வருடம் வடக்கு முனையில் நின்று அப்படிக் கொடி வீசியவர் டென்சில். வாரநாளில் பக்கத்து ஊர்த் துறைமுகத்துத் தானியக் கிடங்கில் வேலை, சனிக்கிழமை கொடி. அவர் தீர்ப்பை யாரும் மாற்றியது கிடையாது. ஒருமுறை சொந்த மைத்துனன் அடித்த பந்து கம்பத்தை உரசிவிட்டது என்று ஒற்றைக் கொடி வீசினார். ஊர் ஐந்து புள்ளியில் தோற்றது. மைத்துனன் மூன்று கிறிஸ்துமஸுக்கு வீட்டுப் பக்கம் வரவில்லை. "வராட்டி போறான். கம்பத்துல பட்டுச்சு" என்பதோடு டென்சில் அந்தப் பேச்சை முடித்துக்கொண்டார்.

பிறகு ஒரு நரம்பு நோய் வந்தது. முதலில் வலது கால், பிறகு இடது. அடிலெய்டு டாக்டர் ஒளிவுமறைவு இல்லாதவர். "ஜூன் ஜூலை குளிர்ல இடது கை போகும். வலது கை செப்டம்பர் வரைக்கும் இருக்கலாம். அதுக்கப்புறம் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

செப்டம்பரில்தான் இறுதி ஆட்டம், அதுவும் இந்த வருடம் கடினா மைதானத்தில். ஆட்டம் நாலு பகுதி; கடைசிப் பகுதியான அந்தக் கால் மணி நேரம் டென்சில் வடக்கு முனையில் கொடி வீசட்டும் என்று கால்பந்துச் சங்கம் முடிவு செய்தது. கிடங்கில் கூட வேலை பார்த்த பாஸ்கோ வந்து சொன்னான். "இடது கை வரலேன்னா பரவால்லடா. அந்தக் கொடிய நான் தூக்கறேன். தீர்ப்பு நீ சொல்லு."

அன்று முதல் டென்சிலுக்கு வேறு ஆசையே இல்லை. மின்சார நாற்காலி இருந்தது. மைதானம் நடந்தால் பத்து நிமிடம். நடுவில் இருந்தது அந்த மூன்று படிதான். நாற்காலியோ ஒரு கன்றுக்குட்டி எடை. மனைவி நோலாவுக்கு முதுகில் ஏற்கெனவே ஆபரேஷனில் வைத்த இரண்டு ஆணி. சனிக்கிழமைகளில் டென்சில் கூடத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்வார். மைதானத்தைச் சுற்றிக் கார்களை நிறுத்திக்கொண்டு பார்க்கும் ஊர் அது. கோல் விழுந்தால் எல்லாக் காரும் ஹார்ன் அடிக்கும். எண்ணி எண்ணி அவரே கணக்குச் சொல்வார். ஒத்தைக்கு யாரும் ஹார்ன் அடிப்பதில்லை என்பதால் கணக்கு எப்போதும் கொஞ்சம் உதைக்கும்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை பெத்தனி வந்தாள். ஆதரவு ஒருங்கிணைப்பாளர் என்பது அவள் பதவி. உடம்பு முடியாதவர்களுக்கு இன்னின்ன உதவி என்று ஆணையம் ஒதுக்கும். அந்த உதவியை எங்கே, யாரிடம், எந்தப் படிவம் போட்டு வாங்குவது என்று ஆணையத்துக்கே தெரியாமல் போய்விட்டதால், வழி காட்டுவதற்கு ஓர் ஆளையும் ஒதுக்கும். அந்த ஆளின் நேரம் அதே ஒதுக்கீட்டில் ஆறாறு நிமிடமாகக் கழியும். "எப்படி இருக்கீங்க?" என்று அவள் கேட்டு, "ஏதோ இருக்கேன்" என்று டென்சில் சொல்லி முடிப்பதற்குள் முதல் ஆறு நிமிடம் போய்விட்டது.

நோலா சூடாக ஒரு பாஸ்டியைத் தட்டில் வைத்து நீட்டினாள். இறைச்சியும் டர்னிப் கிழங்கும் திணித்து மடித்துச் சுட்டது.

"ஐயோ வேண்டாங்க. வாங்கினா அன்பளிப்புப் பதிவேட்டுல எழுதணும். மேலாளர் கையெழுத்து போடணும்."

"டர்னிப்புக்கா?"

"உள்ள என்ன இருக்குன்னும் எழுதணும்" என்றாள் பெத்தனி. நல்ல பெண்தான். பாஸ்டியைப் பார்த்த பார்வையிலேயே அவள் காலையில் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. மடிக்கணினியைத் திறந்தாள். "டென்சில், இது உங்க திட்டம். நீங்கதான் டிரைவர், நான் வெறும் பக்கத்து சீட்டு. முதல் கேள்வி. உங்க கோல் என்ன?"

அவர்கள் மொழியில் வாழ்க்கையின் இலக்குக்கும் பந்தாட்டத்துக் கோலுக்கும் ஒரே சொல். ஐந்து மாதம் காத்திருந்த பிறகு ஆணையம் கேட்ட முதல் கேள்வி அது. டென்சில் முகத்தில் ஒரு தசையும் அசையாமல் சொன்னார்: "இருபத்தாறு வருசமா அடுத்தவன் அடிச்ச கோலையே பாத்துட்டு நின்னேன். சாகறதுக்குள்ள நானே ஒண்ணு அடிச்சிரணும்."

அந்த ஊரில் வேடிக்கைப் பேச்சு என்றால் அப்படித்தான். சொல்பவர் சிரிக்கக்கூடாது, கேட்பவரும் சிரிக்கக்கூடாது. நோலா சிரிக்கவில்லை. பெத்தனியும் சிரிக்கவில்லை, ஆனால் காரணம் வேறு. பங்கேற்பாளரின் கனவைக் கேட்டுச் சிரிக்கவே கூடாது என்று அவளுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சொல் விடாமல் தட்டிக்கொண்டாள்.

"ரொம்ப அழகா சொன்னீங்க. உங்க வார்த்தையிலயே போட்டுட்டேன்."

"அட, அது சும்மா சொன்னதும்மா. எனக்கு வாசல்ல ஒரு ராம்ப் வேணும். மூணு படிக்கு ஒரு சரிவு. அவ்வளவுதான்."

"ராம்ப் தேவைங்க. கோல் கிடையாது. தேவை ஏழாவது பக்கம். அங்க வரும்போது கேக்கறேன்."

ஏழாம் பக்கம் வருவதற்கு முன் அன்றைய நேரம் முடிந்துவிட்டது.

ஜூன் மாதம் திட்டம் தபாலில் வந்தது. நாற்பத்தொரு பக்கம், அட்டையில் சூரிய உதயம். நோலா அடுக்களை மேஜையில் பரப்பி வைத்து உரக்கப் படித்தாள். பங்கேற்பாளரின் கோல்: ஒரு கோல் அடிப்பது. அதற்காக உதைப்புப் பயிற்சியாளர், வாரம் இருமுறை. தோல்வி பயத்தைப் போக்க விளையாட்டு மனநல ஆலோசகர். கால்பந்து பூட்ஸ் ஒரு ஜோடி, தண்ணீர் பாட்டில் ஒன்று. வாரம் மூன்று நாள் குளிப்பாட்டிவிட ஓர் ஆள். அதன் தலைப்பு "ஆட்டத்துக்குப் பிந்தைய தூய்மை". நாற்பத்தொரு பக்கத்தில் படி என்ற சொல்லே இல்லை.

"உனக்கு வாய் இருக்கே வாய்" என்றாள் நோலா. "பாதிரியார் கேட்டாலும் ஜோக்கு, டாக்டர் கேட்டாலும் ஜோக்கு. இப்ப பூட்ஸ் வந்திருக்கு. போட்டுக்க."

"சைஸ் சரியா இருக்கா பாரு" என்றார் டென்சில்.

ஆனால் அன்று மாலை முழுக்க அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையின் சுண்டு விரல் அந்த வாரம்தான் மடங்க மறுக்க ஆரம்பித்திருந்தது.

பெத்தனி ஓடிவந்தாள். தவறு நடந்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்திருந்தது. அங்கிருந்தே ஆணையத்துக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள். ஐம்பது நிமிடம் பியானோ வாசித்தார்கள். பிறகு அலிஸ்டர் என்பவரின் குரல் வந்தது. அந்த நாட்டில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதனால் பேசுகிறவர் எவ்வளவு பெரிய அதிகாரி என்று கண்டுபிடிக்க நேரமாகும். அலிஸ்டர், விளைவுகள் மற்றும் கொண்டாட்டங்கள் பிரிவின் இயக்குநர்.

"கோலை மாத்தணுமா? டென்சில், அது உங்க சொந்த வார்த்தை. பங்கேற்பாளரோட சொந்த வார்த்தையைத் தொடறதுக்கு எங்களுக்கு உரிமையே கிடையாது. அந்தக் காலத்துல அதிகாரிங்க அப்படித்தான் செஞ்சாங்க. நாங்க மாறிட்டோம்."

"நானே மாத்தறேங்க. என் வார்த்தைதானே."

"மாத்தலாமே. ஒரு வருசம் கழிச்சு மறுபரிசீலனை வரும்."

நோலா குறுக்கே புகுந்தாள். "ஏங்க, கோல் அடிக்கணும்னாக்கூட அவர் வீட்ட விட்டு வெளிய போக வேண்டாமா? படி இறங்கணும்ல?"

"அருமையான கேள்வி. அதையும் யோசிச்சிட்டோம். பயிற்சியாளர் வீட்டுக்கே வருவார். உங்களுக்கு வெளிய போற சிரமமே இருக்காது."

பெத்தனி விடவில்லை. அவளை இந்த இடத்தில் பாராட்டத்தான் வேண்டும். சாய்தளத்துக்குத் தனி விண்ணப்பம் போட்டாள். வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத ஒரு சிகிச்சையாளரை வரவழைத்தாள். அவர் படிகளை அளந்தார், நாற்காலியை அளந்தார், நோலாவின் முதுகைப் பற்றி விசாரித்தார். முப்பது பக்க அறிக்கையின் சாரம் இது: படிகள் மூன்று, நாற்காலி படியிறங்காது.

ஐந்து வாரம் கழித்து ஆணையம் பதில் போட்டது. சாய்தளம் நிரந்தர அமைப்பு என்பதால் நிரந்தரத் தடைக்கே வழங்கப்படும். எனவே மேற்படி படிகள் நிரந்தரமானவைதாம் என்பதற்கும், அவற்றை நீக்கக்கூடிய பிற வழிகள் அனைத்தும் முயன்று பார்க்கப்பட்டன என்பதற்கும் தகுந்த நிபுணரின் சான்று தேவை.

"படிக்கா?" என்றாள் நோலா.

"படிக்குத்தான்" என்றாள் பெத்தனி, தலையைத் தூக்காமல்.

"சுரங்கக்காரங்க கட்டின வீடு இது. நூத்தி நாப்பது வருசமா அந்தப் படி அங்கயேதான் கெடக்கு."

"அதையும் நான் சொல்லிப் பாத்தேங்க. இதுவரைக்கும் இருந்தது இனிமே இருக்கும்ங்கிறதுக்கு ஆதாரம் ஆகாதுங்கறாங்க."

பாஸ்கோ ஒரு கல்தச்சரைக் கூட்டிவந்தான். அவர் காலால் படியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு தாளில், "இந்தப் படிகளுக்குக் குணமாகும் அறிகுறி எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஊர் வேடிக்கைதான். ஆணையம் அதைப் பெற்றுக்கொண்டதாக முறையாக ரசீது அனுப்பியது. பிறகு கல்தச்சர் எந்த மருத்துவக் கழகத்தில் பதிவு செய்தவர் என்று கேட்டது.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு பாஸ்கோவின் பொறுமை தீர்ந்தது. கிடங்கு ஆட்கள் நாலு பேர், ஒரு லாரி, நல்ல கனமான பலகைகள். பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள், மதியச் சாப்பாட்டுக்கு முன் சாய்தளம் தயார். இருபுறமும் கைப்பிடி, வழுக்காமல் இருக்க மணல் தூவிய பெயின்ட்.

டென்சில் நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவந்தார். ஒரு நிமிடம் நின்றார். பிறகு இறங்கினார். ஏழு மாதத்துக்குப் பிறகு தெரு. மைதானம் வரைக்கும் போனார். ஆட்டம் இல்லாத நாள். வடக்கு முனையில் கம்பத்தடியில் நாற்காலியை நிறுத்தி, கம்பத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பாஸ்கோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பி வந்தபோது டென்சில் தாமாகவே பேசினார், சிரித்தார், இரண்டு பாஸ்டி சாப்பிட்டார். கல்யாணமான புதிதில் இருந்த மனிதரைப் பார்ப்பது போல இருந்தது நோலாவுக்கு.

திங்கள் காலை குளிப்பாட்ட வந்த ட்ரூடி சாய்தளத்தின் அடியிலேயே நின்றுவிட்டாள். படியையே பலகை மூடியிருந்தது. உள்ளே வர வேறு வழி இல்லை.

"நான் இதுல ஏறக்கூடாதுங்க. சான்று பெறாத சரிவுல கால் வச்சா எனக்கு வேலை போயிரும்."

"நேத்து நூத்தைம்பது கிலோ நாற்காலியே ஏறிச்சு" என்றாள் நோலா.

"நாற்காலிக்குக் காப்பீடு வேறங்க."

ட்ரூடி தன் நிறுவனத்துக்குச் சொன்னாள், நிறுவனம் பெத்தனிக்குச் சொன்னது, பெத்தனி ஆணையத்துக்குச் சொல்லியே ஆகவேண்டும். மறுநாள் கடிதம் கையிலேயே கொண்டுவந்தாள். சாய்தளத்தை அகற்றும்வரை குளிப்பாட்டும் உதவி நிறுத்தம். மேலும், சாய்தளம் ஏற்கெனவே இருப்பதாகத் தெரியவருவதால் சாய்தள விண்ணப்பம் தேவையற்றதாகி முடித்துவைக்கப்படுகிறது. அகற்றினால் புதிய விண்ணப்பம் போடலாம்.

ஒன்று குளிக்கலாம், அல்லது வெளியே போகலாம். நோலா, "நான் குளிப்பாட்டறேன், ராம்ப் இருக்கட்டும்" என்றாள். அன்று அவள் முயன்றும் பார்த்தாள். டென்சிலை நாற்காலியிலிருந்து குளியல் பெஞ்சுக்கு மாற்றும்போது முதுகு பிடித்துக்கொண்டு, இருவரும் ஈரத் தரையில் முக்கால் மணி நேரம் கிடந்தார்கள். பாஸ்கோ வந்துதான் தூக்கினான்.

"பலகைய எடுத்துருடா" என்றார் டென்சில்.

பாஸ்கோ பலகைகளைக் கழற்றிக் கொல்லைக் கொட்டகையில் அடுக்கினான். அடுக்கும்போது அவன் வாயிலிருந்து வந்தவற்றை இங்கே எழுத முடியாது. கடைசியாக, எழுதக்கூடியதைச் சொன்னான். "இறுதி ஆட்டம் சனிக்கிழமை. சனிக்கிழமை ட்ரூடி வரமாட்டா. ஒரு மணிக்குப் பலகைய வைக்கறோம், உன்ன எறக்கறோம், சாயந்தரம் ஏத்திட்டுப் பலகைய ஒளிச்சிடறோம். எந்தப் பயலுக்கும் தெரியாது."

டென்சில் அந்தச் சனிக்கிழமையைப் பிடித்துக்கொண்டு ஆறு வாரம் வாழ்ந்தார். இதற்கிடையில் பயிற்சி தவறாமல் நடந்தது. கால் அசையாதவருக்கு எப்படி உதைக்கச் சொல்லித்தருவது என்று பயிற்சியாளர் குழம்பியதும், ஆணையம் ஒரே வாரத்தில் ஓர் இயந்திரத்தை அனுப்பியது. நாற்காலியின் கால்தாங்கியில் மாட்டிய ஸ்பிரிங் பொறி; கைப்பிடியில் ஒரு பொத்தான். அழுத்தினால் பூட்ஸ் மாட்டிய கால் முன்னே தெறிக்கும், பந்து கூடத்து நடையில் ஓடும். அந்தப் பொறியின் விலைக்குத் தெரு முழுக்கச் சாய்தளம் போட்டிருக்கலாம். ஆனால் அது கோலோடு நேரடித் தொடர்புள்ளது, ஒரே கையெழுத்தில் வந்துவிட்டது. மனநல ஆலோசகர் சோபாவில் உட்கார்ந்து, "கம்பங்களை மனசுல பாருங்க" என்பார். டென்சில் கண்ணை மூடிக்கொண்டு வடக்கு முனையைப் பார்ப்பார். இடது கை அதற்குள் மடியில் வைத்த பொருளாகிவிட்டிருந்தது.

இறுதி ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு பெத்தனி போன் செய்தாள். "ஒரு நல்ல சேதி. அலிஸ்டரே நேர்ல வர்றார், படம் பிடிக்கற ஆளோட. ஆண்டறிக்கைக்கு. சனிக்கிழமை ஒரு மணிக்கு."

போனை எடுத்தவள் நோலா. "அன்னிக்கு மட்டும் முடியாதும்மா. வேற நாள் வரச்சொல்லு."

"நானும் சொல்லிப் பாத்தேங்க. இயக்குநர் வரும்போது பங்கேற்பாளர் வீட்ல இல்லேன்னா ஈடுபாடின்மைன்னு பதிவாகும். பதிவானா எல்லா உதவியும் நிறுத்தம். ட்ரூடி உள்பட." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "கால் மணி நேரத்துல அனுப்பிடறேன். சத்தியமா. ரெண்டரைக்குத்தானே ஆட்டம்?"

சனிக்கிழமை டென்சில் நடுவர் உடை போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணிக்கே தயாராக இருந்தார். நோலா வெள்ளைக் கொடிகள் இரண்டையும் இஸ்திரி போட்டு அவர் மடியில் வைத்திருந்தாள். பாஸ்கோ கொட்டகை அருகே பலகையோடு காத்திருந்தான். ஒன்றாயிற்று, ஒன்றரை ஆயிற்று. இரண்டு மணிக்கு மைதானத்தில் பாஸ்கோவைத் தேடிப் போன் மேல் போன். கடைசிப் பகுதியில் டென்சிலோடு கொடி பிடிக்கப் போகும்வரை அன்றைக்கு அவன்தான் நேரக்காப்பாளர்.

"போடா" என்றார் டென்சில். "கடைசிக் கால் மணிக்குத்தானே நான்? நேரம் இருக்கு. இடைவேளையில வா."

மூன்றே காலுக்கு அலிஸ்டரின் கார் வந்தது. நல்ல உயரம், நல்ல பல்வரிசை. மூன்று படியையும் இரண்டு எட்டில் ஏறி வந்து டென்சிலின் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். அது குலுங்கியது. வழியில் நல்ல காபிக் கடை ஒன்று அகப்பட்டதாகச் சொன்னார். பிறகு படம் பிடிக்கிறவரைப் பார்த்து நின்றுகொண்டு பேசத் தொடங்கினார்.

"நண்பர்களே, என்னை எல்லாரும் கேக்கறாங்க, அலிஸ்டர், ஆணையம் என்ன செய்யுதுன்னு. நான் சொல்றேன், நாங்க ஒண்ணுமே செய்யறதில்ல. செய்யறது எல்லாம் பங்கேற்பாளர்தான். நாங்க அவரைக் கவனமா கேக்கறோம். கேட்டுக்கிட்டே இருக்கோம்."

"அப்ப ஒரு நிமிசம் கேளுங்க" என்றார் டென்சில். "எனக்கு நேரமில்ல. நான் மைதானத்துக்குப் போகணும்."

"கேட்டீங்களா? மைதானம். எவ்வளவு ஆர்வம்." அலிஸ்டர் கை தட்டினார். "சரி, வாசல் கதவைத் திறங்க. அந்த ரெண்டு நிலையும்தான் கோல் கம்பம்."

தூரத்தில் ஹார்ன் சத்தம் கேட்டது. இடைவேளை முடிந்து மூன்றாம் பகுதி நடந்துகொண்டிருந்தது. டென்சில் பொத்தானை அழுத்தினார். கால் தெறித்தது. பந்து நடையில் ஓடி, ஒருமுறை குதித்து, இடதுபக்க நிலையில் லேசாக உரசி, வெளியே போய், மூன்று படியிலும் தத்தித் தத்தி இறங்கி, வெளிக்கதவருகே போய் நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள்.

டென்சில் பந்தைப் பார்க்கவில்லை, நிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியிலிருந்து ஒரு கொடியை எடுத்தார். வலது கை மெல்ல ஏறியது. பாதி உயரத்தில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதும் தூக்கினார்.

"ஒத்தை" என்றார். "நிலையில பட்டுச்சு."

படம் எடுக்கிறவர் எடுத்தார். "ஒத்தைன்னா?" என்று அலிஸ்டர் பெத்தனியைக் கேட்டார். அடிலெய்டில் பிறந்து வளர்ந்தவருக்கு அது தெரியாமல் இருக்க முடியாது என்றுதான் நோலா இன்றுவரை சொல்கிறாள்.

"கோல் இல்லைன்னு சொல்றார்" என்றாள் பெத்தனி. "கோலுக்கு ரெண்டு கொடி."

அலிஸ்டர் டென்சிலின் இடது கையைப் பார்த்தார். முகம் கனிந்தது. "புரியுது. ரெண்டு கொடி தூக்கணும், அவரால ஒண்ணுதான் தூக்க முடியுது. இங்கதான் ஆணையம் துணைக்கு வரணும். குறைபாடு காரணமா ஒருத்தருக்கு வெற்றி மறுக்கப்படக் கூடாது. நியாயமான தளர்வு விதிப்படி, ஒரு கொடியை ரெண்டு கொடியா ஏத்துக்கறோம். பெத்தனி, எழுதிக்கோங்க. கோல்."

"ஐயா, அவருக்கு ரெண்டாவது கொடி வேணும்னா நான் தூக்க மாட்டேனா?" என்றாள் நோலா. "ஒத்தைன்னு வாயாலயே சொல்றாருங்க."

"தன்னடக்கம். நிறையப் பேர்ட்ட பாத்திருக்கேன். சாதிச்சதை ஏத்துக்கவே அவங்களுக்குப் பயம்."

இருபத்தாறு வருடத்தில் டென்சிலின் தீர்ப்பை மாற்றிய முதல் ஆள் அலிஸ்டர். மாற்றிவிட்டு, தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு, படியிறங்கிப் போய்விட்டார். டென்சிலுக்குக் கோபம் வரவில்லை. கொடியைப் பிடித்த கை தானாக இறங்கி, கொடி முழங்காலில் விழுந்தது.

பெத்தனி மட்டும் நின்றாள். ஒரு படிவம் பாக்கி இருந்தது. கோல் நிறைவேறியதால் திட்டம் அன்றோடு முடிகிறது. ட்ரூடி திங்கள் முதல் வரமாட்டாள். பொறியை வாரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். இதைச் சொல்லும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை.

"நிலையில பட்டதை நீ பாத்தியா இல்லியாம்மா?" என்று டென்சில் கேட்டார்.

"பாத்தேன்."

"அப்ப அவன்ட்ட சொல்லியிருக்கலாமே."

"எனக்கு உங்களைப் போல இன்னும் முப்பத்தெட்டு பேர் இருக்காங்க, டென்சில்" என்றாள் பெத்தனி. அழுதாள். அழுத நேரத்தை அவள் ஆறு நிமிடக் கணக்கில் சேர்க்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நோலா பாஸ்கோவுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தாள். நேரக்காப்பாளன் ஆட்டத்தின்போது போனை எடுக்கக் கூடாது. இடைவேளையில் ஓடிவர நினைத்தவனை, ஆணையத்தின் கார் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்த யாரோ, பலகையோடு அகப்பட்டுக்கொள்வாய் என்று தடுத்திருந்தார்கள். நோலா கொட்டகைக்குப் போனாள். ஒரு பலகையின் முனையைத் தூக்கினாள். முதுகைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

கடைசிக் கால் மணிக்கான சங்கு ஊதியது. வாசலில் டென்சிலும் பெத்தனியும் கேட்டார்கள். ஹார்ன்கள் அலறின, ஓய்ந்தன, மறுபடி அலறின. வடக்கு முனையில் யார் நிற்கிறார்களோ தெரியவில்லை.

பெத்தனி மடிக்கணினியில் கடைசிப் பெட்டிக்கு வந்திருந்தாள். கோப்பினை மூடக் காரணம் தரவேண்டும். ஆணையம் மூன்றே மூன்று காரணங்களைத்தான் கொடுத்திருந்தது. இறந்தார். இடம் மாறினார். வெளியேறினார்.

"எதைப் போடறே?" என்றார் டென்சில்.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். டென்சில் படித்தார். பிறகு அந்த மூன்று படியையும், கீழே வெளிக்கதவருகே கிடந்த பந்தையும் பார்த்தார். முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை.

"போடு போடு" என்றார். "போற வழியில அந்தப் பந்தை மட்டும் எடுத்துக் குடுத்துட்டுப் போ. அது நிஜமாவே வெளியேறிடுச்சு."